வெளியே அனுப்பலாம், பூட்டி வைக்கக் கூடாது: ஒரு பிரார்த்தனைக் கூடத்தில் கற்றுக்கொண்டது

எந்த ஊர், எந்த மதம், எந்தக் கூடம் என்று சொல்லப்போவதில்லை. இதில் வரும் மனிதர் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார், அவரை யாரும் விரல் நீட்டிக் காட்டிவிடக் கூடாது, அவ்வளவுதான் காரணம். மற்றபடி நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நாங்கள் செய்த தவறை வேறு எங்கேயோ நாலு பேர் நல்ல எண்ணத்தோடு இந்த வாரமே செய்யக்கூடும்.

அன்று வழிபாடு பாதி முடிந்து உரை ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசல் பக்கம் ஒழுங்கு பார்க்கும் பொறுப்பில் நின்றேன். நடு வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும், எல்லோருக்கும் தெரிந்த முகம், பல வருடமாக வருகிறவர். "கணக்கு எங்கே? கணக்கைக் காட்டிவிட்டுப் பேசுங்கள்" என்று கத்திக்கொண்டே மேடையை நோக்கி நடந்தார். உரையாற்றியவர் நிறுத்திவிட்டார். இரண்டு குழந்தைகள் அழ ஆரம்பித்தன. அவர் மைக்கைப் பிடிக்கப்போக, ஸ்டாண்டு சாய்ந்து ஸ்பீக்கர் கீச்சென்று கத்தியது, அந்தச் சத்தத்திலேயே எங்களுக்கு நிதானம் போய்விட்டது. மூன்று பேர் ஓடினோம். ஒருவர் இடுப்பைக் கட்டினார், ஒருவர் கையைப் பின்னால் முறுக்கினார், நான் காலரைப் பிடித்தேன். சட்டையின் தோள் தையல் பிரிந்து என் கையோடு வந்தது. துணி கிழிகிற அந்தச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள்.

பக்கத்தில் நாற்காலிகளும் பாய்களும் போட்டு வைக்கிற சின்ன அறை ஒன்று உண்டு. அதற்குள் அவரைத் தள்ளி வெளித் தாழ்ப்பாளைப் போட்டோம். "போலீஸ் வரும்வரை உள்ளேயே இருக்கட்டும்" என்று யாரோ சொன்னார்கள், எல்லோருக்கும் அது சரியாகத்தான் பட்டது. உரை தொடர்ந்தது. உள்ளே அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார், கொஞ்ச நேரத்தில் தட்டுவதும் நின்றுவிட்டது. நாற்பது நிமிடம் அப்படியே போனது.

வந்த காவலர் முதலில் கேட்டது, "வெளியே போகச் சொன்னீர்களா? யார் சொன்னது?" என்று. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாருமே சொல்லவில்லை. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை, நேராகக் கை வைத்துவிட்டோம். அடுத்து, "கதவைத் தாழிட்டது யார்?" என்றார். பதில் சொல்லத் தொண்டை அடைத்தது. "அவர் கத்தியதற்கு நீங்கள் புகார் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன். அடைத்து வைத்ததற்கு அவர் புகார் கொடுத்தால் அதையும் வாங்கத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார். அடுக்கி வைத்த பாய்மேல் உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர், கிழிந்த தோளை மறு கையால் மூடிக்கொண்டு.

கடைசியில் இரண்டு பக்கமும் புகார் இல்லாமல் முடிந்தது, நாங்கள் எழுத்தில் மன்னிப்புக் கேட்ட பிறகு. அதன்பின் எங்கள் நிர்வாகக் குழுவிலேயே ஒருவருக்குத் தெரிந்த வழக்கறிஞர் மூன்று மாலை வந்து எங்களோடு உட்கார்ந்து பேசினார். அவரிடம் கற்றதும், பிறகு நாங்களாகப் படித்துச் சரிபார்த்ததும்தான் கீழே வருவது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இதைப் படிக்கிறவர்களும் பல நாடுகளில் இருப்பீர்கள், ஆகவே பொதுவான அடிப்படையைச் சொல்லி, எனக்கு நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் மட்டும் பிரிவு எண்ணைக் கொடுக்கிறேன்.

முதலில், ஒருவரை வெளியே போகச் சொல்லும் உரிமை எங்கிருந்து வருகிறது? "கதவு திறந்திருக்கிறதே தம்பி, அதுதான் அனுமதி" என்றார் வழக்கறிஞர். யாரையும் தனித்தனியாக அழைக்காவிட்டாலும், வழிபட வருகிறவர் யாரும் வரலாம் என்று நாம் சொல்லாமல் சொல்கிறோம். அந்த அனுமதி வழிபாட்டுக்காகத் தந்தது. அதைக் கெடுக்கிறவரிடம், இடத்தின் பொறுப்பில் இருப்பவர் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் திரும்பப் பெறுவது என்பது வாயால் தெளிவாகச் சொல்வது. சொல்ல வேண்டும், அவருக்குப் புரிய வேண்டும், எழுந்து போக நேரம் தர வேண்டும். அதற்குப் பிறகும் உட்கார்ந்திருந்தால்தான் அவர் அத்துமீறி இருப்பவர் ஆகிறார். காவலர் ஏன் அந்தக் கேள்வியை முதலில் கேட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் அவரை இழுத்த நொடியில், சட்டத்தின் கண்ணில் அவர் இன்னும் எங்கள் விருந்தாளி.

இந்தியாவில் குற்றமுறு அத்துமீறலுக்கான வரையறையிலேயே இது இருக்கிறது. முறையாக உள்ளே வந்தவர்கூட, இடத்தை வைத்திருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு சட்டவிரோதமாக அங்கேயே தங்கினால் அது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 441, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 329. இங்கிலாந்தில் சாதாரண அத்துமீறல் பெரும்பாலும் சிவில் விவகாரம்தான், போலீஸ் உடனே கைது செய்யும் விஷயம் இல்லை. ஆனாலும் போகச் சொல்லியும் போகாதவரை, தேவையான அளவு பலத்தோடு மட்டும், வெளியே அனுப்பலாம் என்ற கொள்கை அங்கேயும் உண்டு.

இது இடத்தைப் பற்றிய சட்டம். வழிபாட்டையே காப்பாற்றுகிற சட்டம் தனியாக இருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. இந்திய தண்டனைச் சட்டம் 1860இல் வந்தது. அதன் 296ஆம் பிரிவு, சட்டப்படி வழிபாட்டில் ஈடுபட்டிருக்கும் ஒரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே இடையூறு செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அதே குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 300ஆம் பிரிவில் இருக்கிறது. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 291, மலேசியாவில் 296. எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை. எந்த மதம் என்று இந்தப் பிரிவுகள் பார்ப்பதில்லை.

இங்கிலாந்திலும் அதே 1860இல் திருச்சபை நீதிமன்ற அதிகாரச் சட்டம் என்று ஒன்று வந்தது, வழிபாட்டு இடத்தில் கலவரமான, வன்முறையான, அநாகரிகமான நடத்தை அதில் குற்றம். 1998 ஈஸ்டர் அன்று கேன்டர்பரி பேராலயத்தில் பேராயர் உரையாற்றிக்கொண்டிருந்தபோது மேடையேறிக் குறுக்கிட்ட பீட்டர் டாட்செல் என்ற மனித உரிமைச் செயல்பாட்டாளருக்கு அந்தச் சட்டத்தின்கீழ்தான் தண்டனை கிடைத்தது. அபராதம் 18 பவுண்டு 60 பென்ஸ். தொகையின் எண்களிலேயே சட்டத்தின் வருடம் இருக்கிறது. கனடாவில் குற்றவியல் சட்டத்தின் 176ஆம் பிரிவு இதே பாதுகாப்பைத் தருகிறது. அதை நீக்கிவிடலாம் என்று அரசு 2017இல் முன்மொழிந்தது. மதச் சமூகங்கள் எதிர்த்த பிறகு, எல்லா மதங்களுக்கும் பொருந்தும்படி சொற்களை மாற்றி 2018இல் வைத்துக்கொண்டார்கள்.

இவ்வளவையும் கேட்டதும் எங்களில் ஒருவர், "அப்படியென்றால் நாம் செய்தது சரிதானே மேடம்?" என்று கேட்டார். அவர் இல்லை என்று தலையாட்டினார். இந்த முழுக் கதையிலும் நான் எல்லோரிடமும் கொண்டுபோய்ச் சேர்க்க நினைப்பது அப்போது அவர் சொன்னதைத்தான். வெளியே அனுப்பும் உரிமை வேறு, பிடித்து வைக்கும் உரிமை வேறு. முன்னது நமக்கு இருக்கிறது. பின்னது பெரும்பாலும் கிடையாது.

இந்தியச் சட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தனி மனிதர் ஒருவர் இன்னொருவரைக் கைது செய்யலாம், ஆனால் கண் முன்னால் நடந்த குற்றம் ஜாமீனில் விட முடியாததாகவும் போலீஸ் பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும், பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவின் இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. வழிபாட்டுக்கு இடையூறு செய்வதோ ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆகவே அதற்காக ஒருவரை நாம் பிடித்து வைக்க முடியாது. பிடித்து அறையில் பூட்டினால் அது சட்டவிரோதமாக அடைத்து வைத்தல், நியாய சன்ஹிதாவின் 127ஆம் பிரிவு, உச்சத் தண்டனை ஓராண்டு. வழிபாட்டைக் கெடுத்தவருக்கு எவ்வளவோ, அவரைப் பூட்டியவருக்கும் அவ்வளவே. இங்கிலாந்தின் அந்த 1860 சட்டம், தேவாலயத்தின் வார்டன் என்ற நிர்வாகப் பொறுப்பாளர் குற்றம் செய்தவரை உடனே பிடிக்கலாம் என்று சொல்கிறது. ஆனால் சட்டமே பெயர் சொல்லித் தந்த அதிகாரம் அது, வாசலில் நிற்கும் எல்லாத் தொண்டருக்கும் வருவதில்லை.

கை வைப்பதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடலையும் உடைமையையும் காக்கும் தற்காப்பு உரிமை எல்லா இடத்திலும் உண்டு, ஆனால் தேவைக்கு மேல் ஒரு துளிகூடக் கூடாது என்ற வரம்பும் கூடவே உண்டு. அவர் யாரையாவது அடிக்கப் போனால் தடுக்கலாம். வெறுமனே உட்கார்ந்து கத்துகிறவரின் கையை முறுக்குவது தடுப்பதில் சேராது. இப்போது நாங்கள் வைத்திருக்கும் பழக்கம், விரித்த கை, முழங்கைக்குப் பக்கத்தில் லேசான தொடுதல், கூடவே நடப்பது, அதோடு சரி. கழுத்து, காலர், பின்னால் முறுக்கிய கை, இதெல்லாம் அறவே இல்லை. தரையில் உட்கார்ந்து நகர மாட்டேன் என்று ஒருவர் அடம்பிடித்தால், அவரைத் தூக்குவதைவிட வழிபாட்டை நிறுத்துவது நல்லது. நிறுத்துவது தோல்வி மாதிரி இருக்கும், ஒரு முறை செய்து பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். மைக்கை அணைத்து, எல்லோரும் பத்து நிமிடம் வெளியே நிற்கிறோம் என்று அமைதியாகச் சொன்னால், கத்துகிறவருக்குக் கேட்க ஆளில்லாமல் போய்விடுகிறது.

ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து எங்களுக்கு இரண்டாவது சோதனை வந்தது. ஓர் இளைஞர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடந்தார், கண்மூடி இருந்தவர்களின் முகத்துக்கு நேராகப் போனைக் கொண்டுபோய் "இதையெல்லாம் நம்புகிறீர்களா? சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டே. எனக்குள் பழைய கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை யார் பேசுவது என்று முன்பே முடிவாகி இருந்தது. அன்றைய பொறுப்பு என்னுடையது. இன்னொருவர் சாட்சியாகக் கூட வந்தார், வேறு யாரும் எழவில்லை. மெதுவாகப் போய், அவர் பக்கத்தில் சற்றுக் குனிந்து நின்று சொன்னேன்: "தம்பி, இந்தக் கூடத்தின் பொறுப்பில் நான் இருக்கிறேன். வழிபாடு நடக்கிறது. வீடியோவை நிறுத்திவிட்டு உட்காருவதென்றால் தாராளமாக உட்காருங்கள். இல்லையென்றால் வெளியே போய்விடுங்கள்."

"இது பொது இடம், என்னைப் போகச் சொல்ல நீங்கள் யார்?" என்றார்.

"நிர்வாகக் குழு சார்பில் சொல்கிறேன், நீங்கள் இங்கே இருக்க இனி அனுமதி இல்லை. தயவுசெய்து வெளியே போங்கள். போகாவிட்டால் போலீஸைக் கூப்பிடுவோம்." கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். போனைத் தொடவில்லை. போனைப் பிடுங்கினால் அது நம் தலையில் விழும் தனிக் குற்றம், வீடியோவை அழிக்கச் சொல்லி மிரட்டுவதும் அப்படித்தான். வழியை மறிக்காமல் கொஞ்சம் ஒதுங்கி, வாசல் பக்கம் கையைக் காட்டியபடி நின்றேன். இரண்டு நிமிடம் ஏதேதோ பேசினார், அப்புறம் நடந்தார். நாங்களும் ஒரு கை தூரம் விட்டுக் கூடவே போனோம். கடைசி வரை அவர் படம் பிடித்துக்கொண்டிருந்தார், நாங்கள் மரியாதையாக இரண்டு முறை சொன்னதும் யாரும் தொடாததும் அவர் வீடியோவிலேயே இருந்தது. அன்று இரவே நேரம், சொன்ன வார்த்தைகள், பார்த்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். எங்கள் கேமரா பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும் என்பதால் அந்தப் பகுதியை எடுத்துத் தனியாக வைத்தோம்.

"பொது இடம்", "கருத்துச் சுதந்திரம்" என்ற இரண்டும் எப்படியும் வரும், பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பேச்சுரிமைக்குப் பெயர்போன அமெரிக்காவிலேயே, அந்த உரிமையைத் தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசாங்கத்தைத்தான், ஒரு தனியார் தேவாலயம் தன் கூடத்தில் கத்துகிறவரைப் போகச் சொல்வதை அது தடுப்பதில்லை. அரசோ அரசு நியமித்த அதிகாரியோ நிர்வகிக்கும் கோயில் போன்ற இடங்களில் நிலைமை கொஞ்சம் வேறு. அங்கே வருவதற்குப் பொதுமக்களுக்கு உரிமையே உண்டு, பொறுப்பாளர் தன் வீட்டு வாசல்போல நினைக்க முடியாது. ஒழுங்கைக் காக்க ஒருவரை வெளியேற்றலாம், காரணம் அவர் நடத்தையாக மட்டும் இருக்க வேண்டும்.

சொல்லப்போனால் எல்லா இடத்துக்கும் இதுதான் நியாயம். இன்னார் என்பதற்காக அனுப்பக் கூடாது, செய்ததற்காக மட்டும் அனுப்பலாம். இந்தியாவில் தீண்டாமையின் பேரால் ஒருவரைப் பொது வழிபாட்டு இடத்தில் நுழையவிடாமல் தடுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். "தொந்தரவு செய்தார்" என்று காரணம் எழுதிவிட்டு உண்மையில் சாதியைப் பார்த்து அனுப்பியவர்களும் இருக்கிறார்கள், அதனால் எங்கள் நோட்டில் "தகாத நடத்தை" மாதிரியான பொத்தாம்பொதுவான வார்த்தைகளுக்கு இடமில்லை. என்ன செய்தார், எத்தனை மணிக்குச் செய்தார் என்றுதான் எழுத வேண்டும். அதே செயலை வசதியான நன்கொடையாளர் செய்திருந்தால் அவரையும் இப்படி அனுப்பியிருப்போமா என்று ஒருவர் கட்டாயம் கேட்க வேண்டும் என்றும் வைத்திருக்கிறோம். அந்தக் கேள்வி இரண்டு முறை எங்களைத் தடுத்திருக்கிறது.

சத்தம் போடுகிற எல்லோரும் தொல்லை செய்ய வந்தவர்கள் இல்லை. மனநலம் சரியில்லாதவர், மறதி நோய் உள்ள பெரியவர், துக்கம் தாங்காமல் அழுகிறவர், சத்தத்தைப் பொறுக்க முடியாத குழந்தை, இவர்களிடம் அந்த இரண்டு முறை சொல்லும் முறையை நீட்டாதீர்கள். இடையூறு குற்றமாவதற்கு அதை வேண்டுமென்றே செய்திருக்க வேண்டும், இவர்களிடம் அந்த எண்ணமே கிடையாது. எங்கள் கூடத்தில் ஒரு அம்மா இருக்கிறார், இப்படிப்பட்டவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து தண்ணீர் கொடுத்துப் பேச்சுக் கொடுப்பார், பாதி நேரம் அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை. தேவைப்பட்டால் குடும்பத்தினரைத்தான் முதலில் கூப்பிடுவோம். இந்தியாவில் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100ஆம் பிரிவில், மனநோயால் தனக்கோ பிறருக்கோ ஆபத்தான நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுக்கும் கடமையைக் காவல் நிலையத்துக்குத் தருகிறது. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். போலீஸைக் கூப்பிடும்போது "ஒருவர் கலாட்டா செய்கிறார்" என்று சொல்வதற்கும் "உடம்புக்கு முடியாத ஒருவருக்கு உதவி வேண்டும்" என்று சொல்வதற்கும் நடுவில் அந்த மனிதரின் அன்றைய இரவே இருக்கிறது.

திரும்பத் திரும்ப வந்து தொல்லை செய்கிறவருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். எந்தத் தேதியில் என்ன நடந்தது, எந்தத் தேதி வரை வர வேண்டாம், மறுப்பு இருந்தால் யாருக்கு எழுத வேண்டும் என்பது மூன்றும் இருக்கட்டும். முடிவுத் தேதி இல்லாத தடை எழுதாதீர்கள். யாருக்கு அதிகாரம் உண்டோ அவர் கையெழுத்தோடு, கிடைத்ததற்குச் சான்று வரும்படி அனுப்புங்கள். பிறகு அவர் வந்தால், சொல்லியும் வந்தார் என்பதற்கு அதுவே ஆதாரம். ஆனால் அவர் சங்கத்தில் பதிவு பெற்ற உறுப்பினர் என்றால் கவனம். இன்றைக்கு வெளியே போங்கள் என்பதும் உறுப்பினர் பதவியைப் பறிப்பதும் ஒன்றாகாது. பறிப்பதற்கு உங்கள் விதிமுறைப்படி முன்னறிவிப்பு, அவர் தரப்பைக் கேட்பது, கூட்டத் தீர்மானம் எல்லாம் வேண்டும், கோபத்தில் ஒரே இரவில் செய்தால் நீதிமன்றத்தில் நிற்காது.

அந்த முதல் மனிதருக்கு நாங்கள் நோட்டீஸ் அனுப்பவில்லை. மன்னிப்புக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே அவர் வீட்டுக்குப் போனேன், ஒரு புதுச் சட்டையோடு. சட்டையை வாங்கிக்கொள்ளவில்லை. கடிதத்தைப் படித்துவிட்டு, உள்ளே போய் ஒரு கவரைக் கொண்டுவந்தார். அதில் மூன்று கடித நகல்கள், கட்டட நிதிக் கணக்கைக் காட்டும்படி எங்கள் குழுவுக்கு அவர் எழுதியவை, முதல் கடிதத்துக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் ஒன்பது மாதம். எதற்கும் நாங்கள் பதில் எழுதவில்லை. "நாலாவதைத்தான் நேரில் வந்து கேட்டேன்" என்றார்.

அடுத்த வாரம் கணக்குப் புத்தகத்தை அவர் முன்னால் வைத்தோம். இரண்டு மணி நேரம் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். ஓர் இடத்தில் கூட்டல் தப்பாக இருந்தது, அதைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினார். பொருளாளர் அங்கேயே திருத்திக் கையெழுத்துப் போட்டார்.